ஆறாம் ஆண்டுக்குப் பிறகு



ஆண்டு இறுதி நெருங்கிவிட்டால் ஆறாம் ஆண்டுப் பிள்ளைகள் உள்ள வீடுகளில் மூன்று கேள்விகள்தாம் மாறி மாறி எழும். பிள்ளைக்கு எந்தப் பள்ளி கிடைக்கும்? செலவு எவ்வளவு ஆகும்? ரிமூவ் வகுப்பா, நேரே முதல் படிவமா? இவற்றைக் கேட்காத பெற்றோர் இல்லை. ஆனால் நான்காவதாக ஒரு கேள்வி உண்டு. அதைக் கேட்போர் மிகச் சிலரே. "புதிய பள்ளியில் நடத்தும் பாடம் என் பிள்ளைக்கு விளங்குமா?" என்பதே அந்தக் கேள்வி. இந்த மாதம் அதைப் பற்றித்தான் உங்களோடு பேச விரும்புகிறேன்.

தமிழ்ப்பள்ளியில் எல்லாரும் எல்லாரையும் அறிவர். இவன் யார் வீட்டுப் பிள்ளை, அப்பா எந்த வேலைக்காட்டில் நிற்கிறார், நேற்று ஏன் பள்ளிக்கு வரவில்லை என்பதெல்லாம் ஆசிரியருக்குத் தெரியும். இடைநிலைப்பள்ளியில் அப்படியல்ல. பல நூறு மாணவர்களுக்கு நடுவே அவன் ஒரு பெயர் மட்டும்தான். முதல் வரிசையில் அமர்ந்து கையைத் தூக்கிய பிள்ளை, அங்கே போய்க் கடைசி வரிசையில் சுவரோரமாக உட்கார்ந்துகொள்கிறது.

படிப்பை நிறுத்தும் பிள்ளை ஒரே நாளில் நிறுத்துவதில்லை. முதலில் பாடம் புரியாமல் போகிறது. பிறகு, புரியவில்லை என்று சொல்ல வெட்கம் வருகிறது. அதன் பிறகு திங்கட்கிழமை தோறும் வயிற்றுவலி வருகிறது. கடைசியில் ஒருநாள், "எனக்குப் படிப்பு ஏறவில்லை, நானும் அப்பாவோடு உதிரிப் பழம் பொறுக்கப் போகிறேன்" என்ற பேச்சு வருகிறது. கேட்பவர்களுக்கு அது நான்காம் படிவத்தில் எடுத்த முடிவாகத் தோன்றும். உண்மையில் அந்த முடிவு புதிய பள்ளியின் முதல் சில மாதங்களிலேயே வேர்விட்டுவிட்டது.

இந்த இடைவெளி ஏன் வந்தது?

நம் பிள்ளைகளின் மூளைக்குறைவு இதற்குக் காரணமன்று. வரலாறு அப்படி அமைந்துவிட்டது. 1923 ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருக்கும் தோட்டத்தில் நிர்வாகம் ஒரு பள்ளி வைக்க வேண்டும் என்றது. அப்படித்தான் தோட்டந்தோறும் தமிழ்ப்பள்ளி எழுந்தது. எழுத்தும் கணக்கும் தெரிந்தால் போதும் என்ற அளவில்தான் அந்நாளில் அப்பள்ளிகளை வைத்திருந்தார்கள். மேலே போக வழி என்னவென்று யாரும் கவலைப்படவில்லை.

1956 ஆம் ஆண்டு ரசாக் அறிக்கையும், அதையொட்டி 1957 இல் வந்த கல்விச் சட்டமும் தமிழ்ப்பள்ளிகளை நாட்டின் கல்வி முறைக்குள் கொண்டுவந்தன. தொடக்கப்பள்ளி தாய்மொழியில் நடக்கலாம் என்றாயிற்று. ஆனால் தமிழைப் பயிற்றுமொழியாகக் கொண்ட அரசாங்க இடைநிலைப்பள்ளி உருவாகவில்லை. இடைநிலைப்பள்ளிக்குப் போக ஒரு நுழைவுச் சோதனையும் இருந்தது. அது 1964 இல் அகற்றப்பட்டது. 1965 முதல் எல்லாப் பிள்ளைகளுக்கும் மூன்றாம் படிவம் வரை வாசல் திறந்தது. 1970 ஆம் ஆண்டு தொடங்கி ஆங்கிலப் பள்ளிகளும் படிப்படியாக மலாய் மொழிக்கு மாறின. ஆகவே இன்று தமிழ்ப்பள்ளிப் பிள்ளை எங்கே போனாலும், கணிதமும் அறிவியலும் தமிழில் கற்ற ஆறு ஆண்டுகளுக்குப் பின், வேறொரு மொழியில் பாடத்தைத் தொடர வேண்டியிருக்கிறது. பக்கத்திலுள்ள தேசியப் பள்ளியிலிருந்து வரும் பிள்ளைக்கு இந்தச் சுமை இல்லை.

இன்னொரு மாற்றத்தையும் பெற்றோர் மனத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். 1988 இல் தொடங்கிய யூ.பி.எஸ்.ஆர். தேர்வு 2019 இல் கடைசியாக நடந்தது. 2021 இல் அகற்றப்பட்டது. மூன்றாம் படிவத்தில் இருந்த பி.டி.3 தேர்வும் 2022 இல் போய்விட்டது. பிள்ளைகளின் தலைமேல் இருந்த பாரம் குறைந்தது நல்லதே. ஆனால் "எத்தனை ஏ?" என்று கேட்டுப் பழகிய நமக்கு, பிள்ளை எங்கே நிற்கிறது என்று காட்டிய கைகாட்டி மரமும் அதோடு போய்விட்டது. நாமாகக் கேட்டுத் தெரிந்துகொள்ளாவிட்டால், எஸ்.பி.எம். முடிவு வரும் அன்றுதான் விழித்துக்கொள்வோம். அப்போது காலம் கடந்திருக்கும்.

ரிமூவ் வகுப்பு அவமானமா?

புகுமுக வகுப்பைத்தான் நாம் ரிமூவ் என்கிறோம். தமிழ், சீனப் பள்ளிகளிலிருந்து வரும் மாணவர்களில் மலாய் மொழியில் போதிய தேர்ச்சி இல்லாதவர்கள் முதல் படிவத்துக்கு முன் ஓராண்டு அங்கே படிக்கிறார்கள். மலாய் மொழிக்கே அங்கே அதிக நேரம் ஒதுக்கப்படுகிறது. உங்களில் பலரும் ஒரு காலத்தில் அந்த வகுப்பில் அமர்ந்தவர்களே.

இதைப் பற்றித் தோட்டங்களில் இருவகைப் பேச்சு உண்டு. "ரிமூவ் போனால் ஒரு வருடம் வீண், கூடப் படித்தவன் முந்திவிடுவான்" என்பது ஒன்று. "எல்லாரும்தான் போனோம், போனால் என்ன கெட்டுவிட்டது?" என்பது மற்றொன்று. இரண்டிலும் பாதி உண்மை இருக்கிறது. ஓராண்டு தாமதம் என்பது மறுப்பதற்கில்லை. வருமானம் குறைந்த வீட்டுக்கு ஓராண்டு என்பது சிறிய காலமும் அன்று. ஆனால் மலாயில் ஒரு பத்தியை வாசித்துப் பொருள் சொல்ல இயலாத பிள்ளையை நேரே முதல் படிவத்தில் கொண்டுபோய் உட்கார வைத்தால், ஓராண்டுக்குப் பதிலாக ஐந்தாண்டுகள் வீணாகும். ரிமூவ் தேவைப்படும் பிள்ளைக்கு அது ஒரு மருந்து. தேவைப்படாத பிள்ளை நம் கவனக்குறைவால் அங்கே போய்ச் சேர்ந்தால், குற்றம் பெரியவர்களுடையது.

ஆகவே ஆண்டு முடியும்வரை காத்திருக்காதீர்கள். யூ.பி.எஸ்.ஆர். இல்லாத இந்நாளில் வகுப்பறை மதிப்பீடுதான் அளவுகோல். அதில் ஒவ்வொரு பாடத்திலும் பிள்ளையின் அடைவுநிலை 1 முதல் 6 வரை குறிக்கப்படுகிறது. ஆண்டின் நடுவிலேயே பள்ளிக்குப் போய், "மலாய் மொழியில் என் பிள்ளையின் அடைவுநிலை எத்தனை? அது உயர நான் வீட்டில் என்ன செய்ய வேண்டும்?" என்று ஆசிரியரைக் கேளுங்கள். கேட்கும் பெற்றோரை எந்த ஆசிரியரும் தொந்தரவாக எண்ணமாட்டார்.

வீட்டிலேயே செய்யக்கூடிய ஒரு சோதனையும் உண்டு. தமிழ்ப்பள்ளியில் நான்காம் ஆண்டு முதல் வரலாற்றுப் பாடம் மலாயில்தான் நடக்கிறது. அந்தப் பாடநூலைப் பிள்ளையின் கையில் கொடுத்துப் பத்து வரி உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். பிறகு நூலை மூடிவிட்டு, படித்ததைத் தமிழில் சொல்லச் சொல்லுங்கள். சொல்லிவிட்டால் பாதிக் கவலை தீர்ந்தது. தடுமாறினால் இன்னும் சில மாதங்கள் கையில் இருக்கின்றன என்று பொருள். கடைக்கும் கிளினிக்குக்கும் போய்ப் பேசுகிற மலாய் வேறு, பாடநூலின் மலாய் வேறு. பிள்ளை சரளமாகப் பேசுகிறது என்பதால் எழுத்து மலாயும் வரும் என்று நம்பிவிடக் கூடாது.

இரட்டைச் சொல் நோட்டு

கணிதத்தில் கெட்டிக்காரப் பிள்ளை முதல் படிவத்தில் கணிதத்திலேயே தோற்பதை ஆசிரியர்கள் அடிக்கடி பார்க்கிறோம். பிள்ளைக்குக் கணக்குத் தெரியும். கேள்விதான் விளங்கவில்லை. செவ்வகத்தின் பரப்பளவைக் கண்ணை மூடிக்கொண்டு சொல்லும் பிள்ளை, 'லுவாஸ் செகி எம்பாட் தெபாட்' என்று கேட்டால் விழிக்கிறது. அறிவு உள்ளே இருக்கிறது. திறக்கும் சாவி மட்டும் இல்லை.

இதற்கு அதிகச் செலவில்லாத வழி ஒரு நோட்டுப் புத்தகம். நடுவில் ஒரு கோடு போட்டு, இடப்பக்கம் தமிழ்ச் சொல்லையும் வலப்பக்கம் மலாய்ச் சொல்லையும் பிள்ளையே எழுதி வரட்டும். பின்னம் என்றால் பெச்சாஹான். தசமம் என்றால் பெர்புலுஹான். விழுக்காடு என்றால் பெராத்துஸ். முக்கோணம் என்றால் செகி தீகா. கோணம் என்றால் சூடுட். அறிவியலில் விசை என்றால் டாயா. வெப்பம் என்றால் ஹாபா. ஒளி என்றால் சஹாயா. நாளொன்றுக்கு ஐந்து சொல் போதும். மாதம் முடிவதற்குள் நூற்றைம்பது சொற்கள் சேர்ந்துவிடும்.

அதே நோட்டின் கடைசிப் பக்கத்தில் கேள்விச் சொற்களைத் தனியே எழுதச் சொல்லுங்கள். சாரி என்றால் கண்டுபிடி; கீரா என்றால் கணக்கிடு; நியாத்தாக்கான் என்றால் குறிப்பிடு; தெராங்கான் என்றால் விளக்கு; பண்டிங்கான் என்றால் ஒப்பிடு; செனாராய்க்கான் என்றால் பட்டியலிடு. தேர்வுத் தாளில் விளக்கு என்ற இடத்தில் ஒரே சொல்லைக் குறிப்பிட்டுவிட்டு மதிப்பெண் இழக்கும் பிள்ளைகள் ஏராளம். தமிழில் பெற்ற அறிவு வீணாவதில்லை. அதற்கு மலாய்ப் பெயர் சூட்டும் வேலைதான் மிச்சம் என்பதைப் பிள்ளைக்கு எடுத்துச் சொல்லுங்கள். அந்த நம்பிக்கை முக்கியம்.

ஒரு வகுப்பு, பல ஆசிரியர்கள்

தொடக்கப்பள்ளியில் வகுப்பாசிரியரே பெரும்பாலான பாடங்களைக் கவனித்துக்கொள்வார். இடைநிலைப்பள்ளியில் மணி அடிக்க அடிக்க ஆசிரியர்கள் மாறுவார்கள். ஒவ்வொருவரும் தத்தம் பாடத்துக்கு வீட்டுப்பாடம் கொடுப்பார்கள். மற்றவர் எவ்வளவு கொடுத்தார் என்பது இவருக்குத் தெரியாது. புவியியல் போன்ற பாடங்களும் கூடுகின்றன. இடம் போதாத பள்ளிகளில் முதல் இரண்டு படிவங்களுக்குப் பிற்பகலில் பள்ளி நடக்கும். அப்போது பிள்ளை காலை முழுவதும் வீட்டில் தனியே இருக்கும். பெற்றோர் வேலைக்காட்டில் இருப்பார்கள்.

"எனக்கு மலாய் படிக்கத் தெரியாது, நான் என்ன பார்ப்பது?" என்று சில தாய்மார்கள் கேட்கிறார்கள். படிக்கத் தெரியாத தாயும் பார்க்கக்கூடியது நிறைய இருக்கிறது. கால அட்டவணையை ஒரு தாளில் எழுதி வீட்டுச் சுவரில் ஒட்டச் சொல்லுங்கள். இரவு படுக்கப் போகும் முன், நாளைக்குரிய புத்தகங்களை அட்டவணை பார்த்துப் பையில் வைக்கச் சொல்லி நீங்கள் அருகில் நில்லுங்கள். நோட்டைத் திறந்து இன்றைய தேதி இருக்கிறதா, ஆசிரியரின் சிவப்பு மையும் கையெழுத்தும் இருக்கின்றனவா என்று பாருங்கள். இரண்டு வாரமாகத் தேதியே இல்லாத நோட்டு ஒன்று அகப்பட்டால், அந்தப் பாடத்தில் பிள்ளை தொலைந்துகொண்டிருக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்.

தூரமும் மழையும்

மெர்சிங் வட்டாரத்துக்கு என்று ஒரு தனிக் கஷ்டம் உண்டு. இங்கே தோட்டங்களும் நிலக்குடியேற்றங்களும் சாலையை விட்டு உள்ளே தள்ளி இருக்கின்றன. ஜெமாலுவாங் பக்கமிருந்தும் எண்டாவ் பக்கமிருந்தும் பட்டணத்துக்கு வரும் பிள்ளை, பிரட்டுக்கு எழும் பெற்றோரோடு இருட்டிலேயே எழ வேண்டும். 2026 ஆம் ஆண்டு முதல் பள்ளியாண்டு மீண்டும் ஜனவரியில் தொடங்குகிறது. நவம்பர் முதல் மார்ச் வரை வடகிழக்குப் பருவமழை கிழக்குக் கரையை அடிக்கும் காலம். புதிய பள்ளியின் முதல் வாரங்கள், செம்மண் பாதை சேறாகி வேன் உள்ளே வரத் தயங்கும் வாரங்களாகவே அமைகின்றன. பழக்கப்படும் நாட்களில் பத்து நாள் விடுபட்டுப் போனால், பிள்ளை பத்து நாள் பாடத்தோடு நண்பர்களையும் இழக்கிறது.

ஆகையால் போக்குவரத்தைப் பள்ளி திறந்த பிறகு யோசிக்கக் கூடாது. அக்கம்பக்கத்து ஐந்தாறு வீடுகள் சேர்ந்து ஒரு வேனைப் பேசி வைத்துக்கொள்ளுங்கள். மழையில் வேன் வராத நாளில் யார் வண்டியில் சாலை முனை வரை கொண்டுபோய் விடுவது என்பதையும் முன்கூட்டியே முடிவு செய்யுங்கள். தூரம் அதிகமென்றால், விடுதி உள்ள பள்ளி எது, இடம் கேட்டு எப்போது விண்ணப்பிக்க வேண்டும் என்று மாவட்டக் கல்வி அலுவலகத்தில் விசாரியுங்கள். நன்றாகப் படிக்கும் பிள்ளைக்கு மெர்சிங்கிலேயே சுல்தான் இஸ்கந்தார் அறிவியல் இடைநிலைப்பள்ளி என்ற முழு விடுதிப் பள்ளி இருக்கிறது. அத்தகைய பள்ளிகளுக்கு ஆறாம் ஆண்டிலேயே விண்ணப்பித்து நுழைவு மதிப்பீடு எழுத வேண்டும். தோட்டத்துப் பிள்ளைக்கு எங்கே கிடைக்கப்போகிறது என்று நாமே கதவைச் சாத்திவிடக் கூடாது.

செலவும் பத்திரமும்

பாடநூல்களை வாங்க வேண்டியதில்லை. பாடநூல் இரவல் திட்டத்தில் 2008 முதல் எல்லா மாணவர்களுக்கும் இலவசமாகத் தருகிறார்கள். ஆனால் தொலைத்தால் ஈடு செய்ய வேண்டும். உறை போட்டுக் கொடுங்கள். பள்ளி தொடக்க உதவியாக 150 வெள்ளி, வருமான வரம்பின்றி 2023 முதல் மாணவர்களுக்குக் கொடுக்கப்பட்டு வருகிறது. அதை வேறு கடனுக்குத் திருப்பிவிடாமல் சீருடைக்கென்று ஒதுக்குங்கள். ஆண்பிள்ளைக்கு வெள்ளைச் சட்டையோடு பச்சை நிற நீளக் காற்சட்டை. பெண்பிள்ளைக்குக் கருநீலம் மாறி வெளிர்நீலப் பச்சைச் சீருடை. காலணி கறுப்புத்தான். தமிழ்ப்பள்ளியில் போட்டதே அளவு சரியாக இருந்தால் போதும்.

வறிய மாணவர் அறநிதி உதவிக்குப் பள்ளி வழியாக மனுச் செய்யலாம். தொடக்கப்பள்ளியில் இலவச உணவுத் திட்டத்தில் பசியாறிய பிள்ளைக்கு இடைநிலைப்பள்ளியில் அது தொடராது என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். வெறும் வயிற்றோடு உட்காரும் பிள்ளைக்கு எந்த மொழியில் நடத்தினாலும் பாடம் ஏறாது. வீட்டில் ஏதாவது சாப்பிட்டுவிட்டுப் போகட்டும். கையில் ஒரு பொட்டலமும் இருக்கட்டும்.

பத்திரங்களை மறக்க வேண்டாம். பிள்ளைக்கு 12 வயது நிறைந்ததும் 30 நாட்களுக்குள் தேசியப் பதிவு இலாகாவில் மைகார்டுக்கு விண்ணப்பிக்க வேண்டும், பிந்தினால் தண்டம். பிறப்புப் பத்திரத்தில் பெயர்ப் பிழை, தாமதப் பதிவு போன்ற சிக்கல் இருந்தால் இப்போதே தொடங்குங்கள். எஸ்.பி.எம். பதிவு நேரத்தில் ஓடி அலைந்து அழுவதைக் காட்டிலும், ஆறாம் ஆண்டு விடுமுறையில் ஒருநாள் சம்பளத்தை விட்டு அலுவலகம் போய்வருவது மேல்.

தமிழ் அங்கேயும் உண்டு

"இனித் தமிழ் எதற்கு? மற்றப் பாடத்தைப் பார்க்கட்டும்" என்று சொல்லும் பெற்றோரும் இருக்கிறார்கள். அவர்கள் பயம் எனக்கு விளங்காமல் இல்லை. புதிய பள்ளியில் எல்லாமே பாரமாக இருக்கும்போது, ஒன்றை இறக்கி வைக்கலாமே என்று தோன்றும். ஆனால் எல்லாப் பாடத்திலும் திணறுகிற பிள்ளைக்கு, தலைநிமிர்ந்து உட்கார ஒரு பாடமாவது வேண்டும். தமிழ் வகுப்பில் அது தன் குரலைத் திரும்பப் பெறுகிறது. மேலும் எஸ்.பி.எம். தேர்வில் தமிழ்மொழியும் தமிழ் இலக்கியமும் பாடங்களாகவே இருக்கின்றன.

1996 ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம், தேசிய இடைநிலைப்பள்ளியில் குறைந்தது 15 மாணவர்களின் பெற்றோர் கேட்டுக்கொண்டால் தமிழ் கற்பிக்க வசதி செய்ய வேண்டும் என்கிறது. பள்ளியிலுள்ள 15 மாணவர்கள் என்றே சட்டம் சொல்கிறது. ஒரே வகுப்பில் 15 பேர் வேண்டும் என்று சொல்லவில்லை. மெர்சிங் போன்ற இடத்தில் ஒரு படிவத்தில் நம் பிள்ளைகள் மூன்று பேரோ நான்கு பேரோதான் இருப்பார்கள். எல்லாப் படிவங்களையும் சேர்த்து எண்ணுங்கள். பெற்றோர் ஒன்றாகக் கையெழுத்திட்டுப் பள்ளி முதல்வரிடம் கடிதம் கொடுங்கள். வாயால் கேட்டது காற்றோடு போகும். எழுத்தில் கொடுத்தது கோப்பில் இருக்கும்.

வாசலோடு நின்றுவிடாதீர்கள்

2003 முதல் தொடக்கக் கல்வி நம் நாட்டில் கட்டாயம். 2025 இல் இடைநிலைக் கல்வியையும் கட்டாயமாக்கும் திருத்தத்தை நாடாளுமன்றம் நிறைவேற்றியது. நல்ல சட்டம். ஆனால் சட்டத்தால் பிள்ளையைப் பள்ளி வாசல்வரைதான் கொண்டுவர முடியும். உள்ளே போன பிள்ளைக்குப் பாடம் விளங்குகிறதா என்று பார்க்க வேண்டியவர்கள் ஆசிரியரும் நீங்களும்தான்.

பதிவு நாளன்று தாயோ தந்தையோ கட்டாயம் கூடப் போங்கள். அண்ணனிடமோ வேன்காரரிடமோ விட்டுவிடாதீர்கள். வகுப்பாசிரியரின் பெயரையும் தொலைபேசி எண்ணையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். வேலை உடுப்போடு போவதற்குக் கூச்சப்பட வேண்டாம். அந்த உழைப்பில்தான் பிள்ளை வளர்கிறது. முதல் மூன்று மாதங்கள் தினமும், "இன்றைக்கு எந்தப் பாடம் புரியவில்லை?" என்று கேளுங்கள். "எத்தனை மார்க்?" என்ற கேள்வி அப்புறம் இருக்கட்டும். புரியாததைச் சொன்னால் வீட்டில் திட்டு விழாது என்று தெரிந்த பிள்ளைக்குத்தான் வகுப்பிலும் கையைத் தூக்கிக் கேட்கும் துணிவு வரும்.

பெண்பிள்ளையைத் தூரத்தைக் காட்டியும், ஆண்பிள்ளையை வாரக்கடைசி வருமானத்தைக் காட்டியும் நிறுத்திவிடும் வழக்கம் நம்மிடையே இன்னும் முற்றாக ஒழியவில்லை. இன்று கையில் வரும் நாற்பது ஐம்பது வெள்ளி கண்ணுக்குத் தெரிகிறது. ஐந்து ஆண்டு கழித்து வரப்போகும் சான்றிதழ் தெரிவதில்லை. தெரியாததைப் பிள்ளைக்காகப் பார்க்க வேண்டியவர்கள் பெரியவர்கள்தாமே?

இந்த வாரமே செய்யக்கூடியவை மூன்று: வரலாற்று நூலில் பத்து வரி படிக்கச் சொல்லுங்கள், இரட்டைச் சொல் நோட்டைத் தொடங்கி வையுங்கள், பிறப்புப் பத்திரத்தை எடுத்து ஒருமுறை சரிபாருங்கள். இவற்றுக்கு ஒரு நோட்டுக்குரிய காசும் ஒரு மாலைப்பொழுதும் இருந்தால் போதும். ஐயங்கள் இருந்தால் எழுதுங்கள். வரும் இதழ்களில் பேசுவோம்.